வேட்டை உரிமமும் உயிர் இரக்கமும்
கிண்டிக் காடு முதல் வேடந்தாங்கல் வரை ஒரு வரலாறு

சென்னையில் அடையாற்றிலிருந்து சர்தார் பட்டேல் சாலை வழியாகக் கிண்டிக்குப் பேருந்தில் சென்றிருப்பவர்கள் சாலையோரத்து மதிற்சுவரைப் பார்த்திருப்பார்கள். அச்சுவருக்கு அப்பால் புள்ளிமான்களும் வெளிமான்களும் மேய்கின்றன. சிறுவர் பூங்காவிற்குப் பள்ளிப் பிள்ளைகள் வரிசையாகச் செல்கின்றனர். அந்த மான்களை யாராவது துப்பாக்கியால் சுட்டால் என்ன ஆகும்? சுட்டவர் சிறைக்குப் போவார். இதை இன்று சிறு குழந்தையும் அறியும். ஆனால் இதே காடு ஒரு காலத்தில் வேட்டைக் காடாகவே வைத்துக் காக்கப்பட்டது என்பதைப் பலர் அறியமாட்டார்கள்.

வேட்டை அரசின் அனுமதியுடன் நடந்த காலமும் உண்டு. அதே அரசு அதனைக் குற்றம் என்று அறிவித்த காலமும் உண்டு. இந்த மாற்றம் ஒரே நாளில் வந்ததன்று. உரிமம் பெற்ற வேட்டைக்காரர் ஒரு பக்கமும், வேட்டையை எதிர்த்தவர்கள் மறுபக்கமும் நின்று இருநூறு ஆண்டுகளாக வாதாடியதன் விளைவே அது. அந்த வழக்கில் மூன்றாவது தரப்பு ஒன்றும் இருந்தது. அதன் குரல் மட்டும் அதிகமாகக் கேட்கப்படவில்லை. அந்தக் கதையைத்தான் இங்கே காணப்போகிறோம்.

கிண்டி: வேட்டைக் காட்டின் கதை

சோழமண்டலக் கடற்கரையை ஒட்டி முற்காலத்தில் ஒரு தனி வகைக் காடு பரந்திருந்தது. மழை குறைவு, மரங்கள் உயரமாக வளர்வதில்லை, ஆயினும் ஆண்டு முழுவதும் இலைகள் பசுமையாக இருக்கும். இதனை உலர் பசுமைமாறாக் காடு என்பர். ஊர்களும் வயல்களும் பெருகப் பெருக இக்காடு துண்டு துண்டாகி மறைந்தது. எஞ்சிய சில துண்டுகளில் ஒன்றுதான் கிண்டி.

1670-களில் சென்னைக் கோட்டையின் ஆளுநராக இருந்த வில்லியம் லாங்ஹார்ன், இக்காட்டின் ஒரு பகுதியைத் திருத்தித் தோட்டமும் ஓய்வு மாளிகையும் அமைத்தார். காட்டின் மற்றப் பகுதி தனியார் ஒருவர் கையில் இருந்தது. 1821-ல் அரசு அதனை 35,000 ரூபாய்க்கு வாங்கியது. 1910-ல் அது ஒதுக்குக் காடாக அறிவிக்கப்பட்டது. அப்போது அதன் பரப்பு ஏறக்குறைய 505 ஹெக்டேர்.

இக்காடு வெட்டப்படாமல் தப்பியதற்கு ஒரு முக்கியக் காரணம், அது ஆளுநர்களின் வேட்டைக் காடாக இருந்ததுதான். வேட்டைக்கு விலங்கு வேண்டும். விலங்கிற்குக் காடு வேண்டும். ஆகவே வேட்டையே காட்டைக் காத்தது! இந்த முரண்பாட்டை வாசகர்கள் நினைவில் வைத்துக் கொள்ள வேண்டும். இக்கட்டுரையில் இது மீண்டும் மீண்டும் வரும்.

உள்ளான் வேட்டை

சென்னையைச் சுற்றி அன்று காடுகளைவிட ஏரிகளும் நெல்வயல்களுமே மிகுதி. ஆங்கிலேய அதிகாரிகளும் படைவீரர்களும் விரும்பிய வேட்டை உள்ளான் வேட்டையாகும். உள்ளான் நீண்ட அலகுடைய சிறு பறவை. சேற்றுக்குள் அலகைச் செலுத்திப் புழுக்களைப் பிடித்துத் தின்னும். வடக்கு நாடுகளில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர் தொடங்கும் போது நம் நாட்டிற்கு வந்து, கோடைக்கு முன் திரும்பிவிடும்.

காலடி ஓசை கேட்டதும் உள்ளான் சட்டென எழுந்து, இங்குமங்கும் வளைந்து வளைந்து பறக்கும். அதனைக் குறி தவறாமல் சுடுவது கடினம். அதனாலேயே அதைச் சுடுவதில் வேட்டைக்காரர்களுக்குப் பெருமை. உள்ளானுக்கு ஆங்கிலத்தில் ஸ்னைப் என்று பெயர். மறைந்திருந்து குறி பார்த்துச் சுடும் படைவீரனை இன்று உலகமெங்கும் ஸ்னைப்பர் என்கிறார்கள் அல்லவா? அச்சொல், 1770-களில் இந்தியாவிலிருந்த ஆங்கிலப் படையினரின் உள்ளான் வேட்டையிலிருந்தே பிறந்தது.

இந்த வேட்டையை அன்று எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. ஆனால் ஓர் ஊர் தடுத்தது.

வேடந்தாங்கல் ஊரார் தந்த பாடம்

சென்னைக்குத் தெற்கே ஏறக்குறைய 75 கிலோமீட்டரில் இருக்கிறது வேடந்தாங்கல். ஏரியின் பரப்பு சுமார் 30 ஹெக்டேர்தான். ஏரிக்குள் நிற்கும் மரங்களில் நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், நீர்க்காகம், வக்கா முதலிய பறவைகள் ஆயிரக்கணக்கில் கூடு கட்டுகின்றன.

ஊரின் பெயரிலேயே வேடன் இருக்கிறான். ஆனால் அவ்வூர் மக்கள் பறவைகளைக் கொல்வதில்லை. காரணம் இரக்கம் மட்டுமன்று. பறவைகளின் எச்சம் ஏரி நீரில் விழுகிறது. எச்சத்தில் பயிருக்கு வேண்டிய நைட்ரஜனும் பாஸ்பரசும் மிகுந்துள்ளன. அந்த நீர் மதகு வழியாக வயலில் பாயும்போது எருவும் சேர்ந்து பாய்கிறது. வேதியியல் பெயர்களை அறியாத உழவர்கள், விளைச்சலைக் கண்டே இவ்வுண்மையை அறிந்திருந்தனர்.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலப் படைவீரர்கள் சிலர் அங்கு வந்து நாரைகளைச் சுட்டனர். ஊரார் கொதித்தெழுந்தனர். திரண்டு சென்று கலெக்டரிடம் முறையிட்டனர். அப்போது செங்கற்பட்டுச் சீமையை ஆண்ட கலெக்டர் லயனல் பிளேஸ் என்பவர். 1798-ல் அவர், பறவைகளைக் காக்கும் உரிமை ஊராருக்கு உண்டு என்று ஒப்புக்கொண்டு கவுல் என்னும் உறுதிச் சீட்டு வழங்கினார். ஆளும் கூட்டத்தின் துப்பாக்கிக்கு எதிராக, ஏர் பிடித்த மக்கள் பெற்ற வெற்றி அது.

இந்த முறையீட்டில் ஓர் அறிவியல் உண்மையும் அடங்கியுள்ளது. ஆங்கிலேயர் வேட்டைக்குத் தேர்ந்தெடுத்த காலம் குளிர்காலம். அவர்கள் தேடிய உள்ளானும் வாத்தினங்களும் அப்போது இங்கு விருந்தாளிகள், கூடு கட்டுவதில்லை. ஆனால் வேடந்தாங்கலின் நாரைகளுக்கோ அதுவே குஞ்சு பொரிக்கும் காலம். வடகிழக்குப் பருவமழையால் ஏரிகள் நிரம்பி மீனும் நத்தையும் பெருகும்போதுதான் அவை குஞ்சுகளுக்கு இரை தேட முடியும். ஆகவே அங்கு தாய்ப் பறவை ஒன்று சுடப்பட்டால் கூட்டிலுள்ள குஞ்சுகளும் பட்டினியால் மடியும். ஒரே மாதம், ஒரே துப்பாக்கி. ஆனால் விளைவு வேறு.

1936-ல் செங்கற்பட்டுக் கலெக்டர் வேடந்தாங்கலை முறைப்படி பறவைப் புகலிடமாக ஏற்றார். 1962-ல் வனச் சட்டத்தின்படியும் அது புகலிடமாக்கப்பட்டது. எனினும் 1798-ஆம் ஆண்டின் அந்தக் கவுலே அடிக்கல்லாகும். நம் நாட்டின் மிகப் பழைய பறவைப் புகலிடங்களுள் ஒன்றாக வேடந்தாங்கல் போற்றப்படுவதும் அதனால்தான்.

வேட்டைக்காரரே காவலரான கதை

பத்தொன்பதாம் நூற்றாண்டில் துப்பாக்கிகள் திறன் மிகுந்தன; காட்டுப் பாதைகள் பெருகின; தேயிலைக்கும் காப்பிக்கும் மலைகள் திருத்தப்பட்டன. விலங்குகள் குறைவதை முதலில் உணர்ந்தவர்கள் வேட்டைக்காரர்களே. தினமும் காட்டில் திரிபவனுக்குத்தானே அது தெரியும்?

சென்னை மாகாணத்தில் அதற்குமுன் யானையைக் கொன்றால் அரசு பரிசு தந்தது. 1873-ல் நிலைமை தலைகீழாயிற்று. காட்டு யானைகளைக் காப்பதற்கென்றே சென்னை அரசு ஒரு சட்டம் இயற்றியது. 1877-ல் உதகமண்டலத்தில் வேட்டைக்காரர்கள் கூடி நீலகிரி வேட்டைச் சங்கத்தைத் தொடங்கினர். 1879-ல் நீலகிரிக்கென வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இனப்பெருக்கக் காலத்தில் வேட்டை கூடாது. மற்றக் காலத்தில் உரிமம் பெற்றே வேட்டையாட வேண்டும் என்னும் முறை ஏற்பட்டது.

இந்த முறையின் அடிப்படை எளிது. வங்கியில் போட்ட முதலைத் தொடாமல் வட்டியை மட்டும் செலவழிப்பது போன்றது அது. ஓர் ஆண்டில் பிறந்து பிழைக்கும் குட்டிகளின் எண்ணிக்கைக்கு மேல் கொல்லாவிட்டால் கூட்டம் குறையாது என்பது கணக்கு. 1887-லும் 1912-லும் இந்தியா முழுமைக்கும் வந்த காட்டுப் பறவை, விலங்குச் சட்டங்களும் இதே கணக்கையே பின்பற்றின.

கணக்கு சரிதான். ஆனால் அதில் இரண்டு குறைகள் இருந்தன. எத்தனை பிறக்கின்றன என்பது யாருக்கும் சரியாகத் தெரியாது. விலங்குகளை எண்ணுவது எளிதன்று. இரண்டாவது, நீதி பற்றியது. கட்டணம் செலுத்தி, துப்பாக்கியுடன் பகலில் வந்தவர் கனவானாகக் கருதப்பட்டார். தலைமுறை தலைமுறையாகக் கண்ணியும் வலையும் வைத்துப் பிடித்தவர் திருட்டு வேட்டைக்காரராகிவிட்டார். இறப்பது ஒரே மான்தான். கொன்றவனின் பெயர்தான் வேறுபட்டது.

ஆயினும் அந்தச் சங்கத்தின் பணியை மறுக்க முடியாது. வரையாடு நீலகிரியில் அழியாமல் நின்றதற்கு அதன் கட்டுப்பாடுகளும் ஒரு காரணம். பிற்காலத்தில் அச்சங்கத்தில் பணியாற்றிய வழக்கறிஞர் இ. ஆர். சி. தாவீதார், இளமையில் வேட்டையாடியவர்; பின்னர் துப்பாக்கியைக் கைவிட்டு, 1963-ல் நீலகிரி வரையாடுகளைக் கணக்கெடுத்தார். இன்று வரையாடு தமிழ்நாட்டின் மாநில விலங்கு. 2024-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,031 வரையாடுகள் இருப்பதாக அறிவிக்கப்பட்டது.

அடையாறும் மயிலாப்பூரும்

வேட்டையைச் சீர்படுத்தினால் போதும் என்றது உதகை. வேட்டையே தவறு என்னும் குரல் சென்னையின் தெற்குப் பகுதியில் வலுத்தது.

1882-ல் பிரம்மஞான சபை அடையாற்றங்கரையில் தன் தலைமையகத்தை அமைத்தது. மரக்கறி உணவும் எல்லா உயிர்களிடத்தும் அன்பும் அங்கு வற்புறுத்தப்பட்டன. அச்சூழலில் வளர்ந்தவர் ருக்மிணி தேவி அருண்டேல். 1936-ல் கலாக்ஷேத்திரத்தை நிறுவிய நாட்டியக் கலைஞராகவே அவரை நாம் அறிவோம். 1952-ல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட அவர், விலங்குகளுக்கு இழைக்கப்படும் கொடுமைகளைத் தடுக்கத் தனி மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். பிரதமர் நேரு, அரசே அத்தகைய மசோதாவைக் கொண்டுவரும் என்று உறுதி கூறி, அதனைத் திரும்பப் பெறச் செய்தார். அதன் பயனாக 1960-ல் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் வந்தது. 1962-ல் அமைந்த விலங்கு நல வாரியத்தின் தலைவராக, 1986-ல் மறையும் வரை அவர் பணியாற்றினார்.

இச்சட்டம் காட்டு வேட்டையைத் தடை செய்யவில்லை. ஆனால் ஒன்றைத் தடுத்தது. கூண்டில் அடைத்த விலங்கையோ பறவையையோ திறந்துவிட்டுச் சுடும் போட்டிகளைக் குற்றமாக்கியது. இன்பத்திற்காகக் கொல்லலாமா என்னும் வினா முதன்முறையாகச் சட்டத்திற்குள் நுழைந்தது. 1959-ல் கேப்டன் வி. சுந்தரம் சென்னையில் தொடங்கிய புளூ கிராஸ் அமைப்பும் இதே உணர்விலிருந்து பிறந்ததுதான்.

மயிலாப்பூரில் வாழ்ந்த மா. கிருஷ்ணன் வேறொரு வழியில் சிந்தித்தார். நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வரான இவர், 1950 முதல் 1996-ல் மறையும் வரை ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் இயற்கையைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். துப்பாக்கிக்குப் பதில் புகைப்படக் கருவியை ஏந்திக் காடுகளில் நடந்தார். ஒரு நாட்டின் கோயில்களும் சிற்பங்களும் எப்படி அதன் செல்வமோ, அப்படியே அதன் தாவரங்களும் விலங்குகளும் செல்வமாகும் என்பது அவர் கருத்து. ருக்மிணி தேவியின் கவலை ஒவ்வோர் உயிரின் வேதனையைப் பற்றியது. கிருஷ்ணனின் கவலை இயற்கை முழுமையின் நிலைபேற்றைப் பற்றியது. இரண்டும் ஒன்றல்ல. ஆனால் வேட்டைக்கு எதிராக இரண்டும் ஒரே பக்கம் நின்றன.

1972-ம் 1991-ம்

1972-ல் நாடாளுமன்றம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. அச்சட்டம் வேட்டையை அறவே ஒழித்தது என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. அரிய விலங்குகளுக்கு முழுப் பாதுகாப்பு அளித்த அதே சட்டம், மற்றவற்றிற்கு உரிமங்கள் வழங்கவும் வழி வைத்திருந்தது. சிறப்பு வேட்டை, பெருவேட்டை, சிறுவேட்டை என மூவகை உரிமங்களும், விலங்குகளை உயிருடன் பிடிப்பதற்கான உரிமமும் அதில் இருந்தன. உதகையின் கணக்கு இன்னும் சட்டத்தில் உயிரோடிருந்தது.

1991-ல் சட்டம் திருத்தப்பட்டு, இந்த உரிமங்கள் நீக்கப்பட்டன. விளையாட்டு வேட்டை நம் நாட்டில் முடிவுக்கு வந்தது அப்போதுதான். மனித உயிருக்கு ஆபத்து, பயிர்ச் சேதம், நோய், கல்வி, ஆராய்ச்சி போன்ற சில காரணங்களுக்கு மட்டும் அதிகாரிகள் அனுமதி தரலாம். அப்பட்டியலில் ஒரு வியப்பான காரணமும் உண்டு. உயிர்காக்கும் மருந்துக்காகப் பாம்பு நஞ்சு எடுப்பது! அது எப்படி அங்கு வந்தது என்பதை அறிய நாம் மீண்டும் கிண்டிக்குத் திரும்ப வேண்டும்.

வேட்டையால் வாழ்ந்தவர்கள்

செங்கற்பட்டுப் பகுதியில் வாழும் இருளர்கள் பாம்பு பிடிப்பதில் இணையற்றவர்கள். மண்ணில் பதிந்த தடத்தையும் வளையின் வாயையும் பார்த்தே உள்ளிருப்பது என்ன பாம்பு என்று கூறவல்லவர்கள். பாம்புத் தோல் வணிகம் கொடிகட்டிப் பறந்த காலத்தில் அவர்களிடமிருந்து வணிகர்கள் தோலை வாங்கினர். ஆண்டுதோறும் இலட்சக்கணக்கான தோல்கள் கைப்பையாகவும் காலணியாகவும் மாற வெளிநாடு சென்றன. அன்று அது சட்டப்படியான தொழில். இலாபம் பெற்றவர் வணிகர். நஞ்சுக்கு அஞ்சாமல் வளைக்குள் கைவிட்டவருக்குக் கிடைத்ததோ சில்லறைக் காசு.

சட்டமும், 1976-ல் வந்த ஏற்றுமதித் தடையும் இவ்வணிகத்தை நிறுத்தின. பாம்புகளுக்கு அது நல்ல செய்தி. உழவருக்கும் நல்ல செய்தி, ஏனெனில் எலிகளை அடக்குவது பாம்புகளே. இருளர் குடும்பங்களுக்கோ அன்றைய உலை வைக்க வழியில்லை. வேட்டையை எதிர்த்தவர்கள் வென்றனர். ஆனால் அவ்வெற்றியின் விலையைச் செலுத்தியவர்கள் அதைப் பற்றி ஒரு கூட்டத்திலும் பேச அழைக்கப்படாதவர்கள்.

இங்கே ஒரு புது வழி பிறந்தது. பாம்புப் பண்ணை ஒன்றைத் தொடங்கி, 1972-ல் அதனைக் கிண்டிக்குக் கொண்டுவந்த ராமுலஸ் விட்டேக்கர், இருளர்களிடமே பாம்பைப் பற்றிக் கற்றவர். அவருடைய முயற்சியால் 1978-ல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று. மாமல்லபுரம் செல்லும் வழியில் உள்ள வடநெம்மேலியில் அது இயங்குகிறது.

முறை இதுதான். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கையும் அரசின் அனுமதி பெற்று இருளர்கள் பிடிக்கின்றனர். பானைகளில் வைத்து, ஏறக்குறைய நான்கு வாரங்களில் வாரம் ஒருமுறை நஞ்சு எடுக்கின்றனர். பின் வயிற்றுச் செதிலில் ஓர் அடையாளமிட்டு மீண்டும் காட்டில் விடுகின்றனர். அடையாளமுள்ள பாம்பு மறுபடி அகப்பட்டால், அடையாளம் மறையும்வரை அதைத் தொந்தரவு செய்வதில்லை. எடுத்த நஞ்சை உலர்த்தி மருந்துக் கூடங்களுக்கு அனுப்புகின்றனர். அங்கே நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரைக்குச் செலுத்துவர். குதிரையின் குருதியில் எதிர்ப்பொருள்கள் உண்டாகும். அவற்றைப் பிரித்தெடுத்ததே பாம்புக்கடிக்கு நாம் போட்டுக் கொள்ளும் நஞ்சு முறிவு மருந்து. அதே கை, அதே கலை. ஆனால் பாம்பும் சாவதில்லை, மனிதனும் சாவதில்லை. 2023-ல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்னும் இரு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

ஆனால் எல்லோருக்கும் இப்படி ஒரு வழி கிடைக்கவில்லை. நரிக்குறவர்கள் நாட்டுத் துப்பாக்கியாலும் கண்ணியாலும் காடை, கவுதாரி, நரி முதலியவற்றைப் பிடித்து வாழ்ந்தவர்கள். உரிமச் சீட்டுப் பெற்ற கனவான்கள் 1991-ல் ஒரு பொழுதுபோக்கை இழந்தனர்; நரிக்குறவர்கள் இழந்ததோ சோறு. ஊசியும் பாசிமணியும் விற்று அவர்கள் பிழைக்க வேண்டியதாயிற்று. அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டத்தை நாடாளுமன்றம் 2022 டிசம்பரில்தான் நிறைவேற்றியது.

முடியாத வழக்கு

உலகில் இந்த வழக்கு இன்னும் முடியவில்லை. நரிகளை நாய்களைக் கொண்டு வேட்டையாடுவதை இங்கிலாந்து 2004-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடுத்தது. ஆப்பிரிக்காவில் கென்யா 1977-ல் வேட்டையைத் தடை செய்தது. நமீபியாவோ கட்டணம் பெற்று வேட்டையை அனுமதித்து, அதன் வருவாயில் பங்கை ஊர்ச் சமூகங்களுக்குத் தருகிறது. இரு நாடுகளும் தத்தம் வழியே விலங்குகளைக் காக்கும் என்கின்றன.

நம் மாநிலத்திலும் வினா வேறு உருவில் எழுந்துள்ளது. காட்டுப்பன்றிகள் பயிரை அழிக்கின்றன என்று உழவர்கள் பல்லாண்டுகளாக முறையிட்டனர். 2025-ன் தொடக்கத்தில், காட்டு எல்லையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினர் சுடலாம் என்று தமிழக அரசு முடிவு செய்தது. உழவர் ஒருபுறம், உயிர் இரக்கமுடையோர் மறுபுறம். 1798-ல் பறவையைக் காக்க உழவர் கலெக்டரிடம் சென்றனர். இன்று பன்றியிடமிருந்து பயிரைக் காக்க உழவர் அரசிடம் செல்கின்றனர். இரண்டிலும் அவர்கள் கேட்பது ஒன்றே. காட்டுயிரோடு அன்றாடம் வாழ்பவர் நாங்கள். எங்களையும் கேட்டு முடிவு செய்யுங்கள் என்பதே அது.

கிண்டி மான்களுக்கு இன்று துப்பாக்கி பயமில்லை. 1978-ல் அக்காடு தேசியப் பூங்காவாயிற்று. ஆனால் அதற்குள் கல்வி நிலையங்களுக்கும் நினைவகங்களுக்கும் அலுவலகங்களுக்கும் இடம் கொடுத்துக் கொடுத்து, 505 ஹெக்டேராக இருந்த காடு 270 ஹெக்டேராகச் சுருங்கிவிட்டது. இப்போது மானைக் கொல்வது நாம் வீசும் பிளாஸ்டிக் பையும், தெருநாயும், விரையும் வண்டியும். இவற்றிற்கு உரிமம் யாரும் கேட்பதில்லை, எதிர்ப்பும் அதிகமில்லை.

வேட்டைக்காரனைத் தடுத்தது பெரிய வெற்றிதான். ஆனால் வேடந்தாங்கல் உழவர்கள் துப்பாக்கியைத் தடுத்ததோடு நிற்கவில்லை. ஏரியையும் மரங்களையும் தலைமுறை தலைமுறையாகக் காத்தனர். அதனால்தான் இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அங்கே நாரைகள் வருகின்றன. அடுத்த முறை கிண்டிப் பூங்காவிற்குச் செல்லும் மாணவர்கள், மானைப் பார்த்துவிட்டு அது நிற்கும் மண்ணையும் சற்றுப் பார்க்க வேண்டும். இனிக் காக்க வேண்டியது அந்த மண்ணைத்தான்.